விதைக்கு விட்ட நாலு கன்று

— கோட்டைக் கழட்டும் தம்பி. கழட்டிப்போட்டு, கதிரையிலை இருந்து கேளும். கள்ளனைப் பிடிக்க வந்த ஆள் மாதிரிக் கதவடியிலை நிண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?

— நான் கள்ளன்னு சொல்லலண்ணே. பூ எங்கேன்னு கேட்டேன். அவ்வளவுதான்.

— ரெண்டும் ஒண்டுதான். அன்னம், ஜாபர் தம்பியின்ரை கோட்டை வாங்கி அந்த ஹீற்றருக்குக் கிட்டப் போடு. தூறல் பட்டிருக்கு.

— தாங்கோ தம்பி. அப்பாடா, என்ன பாரம். ஆட்டுக்குட்டி ஒண்டைத் தோளிலை போட்டுக்கொண்டு வந்த மாதிரி. உங்கடையோ?

— கோர்டனோடதுக்கா. ராத்திரி உறைபனி விழுந்துச்சு, உன் சட்டை தாங்காதுன்னு அவரே என் தோள்ல மாட்டிவிட்டாரு. எங்க வாப்பா கூட எனக்கு அப்படி மாட்டிவிட்டதில்ல.

— கோர்டனோ? பனி கரைஞ்ச நாளிலை இருந்து நான் அந்தாளின்ரை கண்ணாடிக் கொட்டிலுக்கை வேலை செய்யிறன். ஒரு சோடிக் கையுறை கேட்டதுக்கு, கையைத் தேய்ச்சால் சூடு வரும் எண்டு தேய்ச்சுக் காட்டின மனிசன். உமக்குக் கோட்டுக் கழட்டித் தந்தவரோ?

— பேச்சை மாத்தாதீங்கண்ணே. யூனிவர்சிட்டி திறந்ததுலேருந்து என்னால மார்க்கத்துல இருக்குற அந்தத் தோட்டத்துப் பக்கம் வர முடியல. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போனேன். இன்னைக்குக் காலையில போய்த் திறந்து பாக்குறேன், ஒரு செடியில கூட பூ இல்ல. நாகூர்ல முடியெறக்கிக்கிட்டு நிக்குற பிள்ளைங்க மாதிரி வரிசையா மொட்டை மொட்டையா நிக்குது. கோர்டன் என் பின்னாடி வந்து நின்னு, ‘உன் ஆளு சாப்பாட்டுப் பையில போட்டு பஸ்ல கொண்டு போயிட்டான்’கிறாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?

— நீர் என்ன சொன்னனீர்?

— அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு சொன்னேன்.

— சொல்லிப்போட்டு நேரை என்ரை வீட்டுக்கு வந்தனீர்.

— வந்தேன். வந்து உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல, மூக்குல ஏறுது. அண்ணே, இது என்ன வாசம்?

— என்ன வாசம்?

— எலுமிச்சை வாசம். உங்களுக்குத் தெரியலையா?

— எனக்கு மூக்குச் செத்து எத்தினை வருசம் தம்பி. சின்ன வயசிலை இருந்து புகையிலைத் தூளுக்கை கிடந்து வளர்ந்தனான். மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து மூக்கிலை தேய்ச்சாலும் எனக்கு ஒண்டுதான். அன்னம், உனக்கு ஏதும் மணக்குதே?

— எனக்கு மீன்தான் மணக்குது. நானிப்ப மீனல்லோ வெட்டிக்கொண்டு நிக்கிறன். அதோடை இந்தக் கட்டிடத்திலை எந்த மணம் ஆரின்ரை வீட்டு மணம் எண்டு ஆர் சொல்லுறது? மேல் மாடியிலை போத்துக்கீசர் உள்ளி வதக்குவினம். கீழை குப்பை எரிக்கிற அடுப்பு ஞாயிறு திங்கள் பாராமல் எரியும். அந்தப் புகை குப்பைக் குழாய் வழியா மாடி மாடியா ஏறும். சென் ஜேம்ஸ் ரவுணிலை குடியிருக்கிற ஆளுக்கு மூக்கு ஒரு இடைஞ்சல்தான் தம்பி.

— இல்லக்கா. இது வேற. இது எலுமிச்சைதான்.

— எலுமிச்சையெண்டு நீங்கள் சொல்லுறது தேசிக்காயைத்தானே? அப்ப ஊறுகாயாயிருக்கும். போன கிழமை கென்சிங்ரன் சந்தையிலை வாங்கிப் போட்டனான். பொறுங்கோ, போத்திலைக் கொண்டு வாறன்.

— உமக்கு ஊறுகாயைக் காட்டி நான் சாட்சி சொல்ல வேண்டிக் கிடக்குது, பாத்தீரே.

— இந்தாங்கோ. மூடியைத் திறந்து வடிவா மணந்து பாருங்கோ. வேணுமெண்டால் கரண்டியும் தாறன்.

— இது இல்லக்கா. இதுல மிளகா இருக்குது, பெருங்காயம் இருக்குது. நான் சொல்றது, பழத்தோலை நகத்தால கிள்ளினா சுரீர்னு மூக்குல தெறிக்கும் பாருங்க, அது. எண்ணெய் வாசம். அந்தச் செடியோட பூ வாசம். நான் போன வருஷமே மோந்து பாத்து மனசுல வச்ச வாசம், எனக்குத் தெரியாதா?

— காலமை முழுக்க அந்தக் கொட்டிலுக்கை நிண்டனீர். அது உம்மடை மூக்கோடை வந்திருக்கும்.

— வழியெல்லாம் இல்லாத வாசம் இங்க வந்ததும் எப்படிண்ணே வரும்? கோர்டன் ட்ரக்ல என்னை சப்வே வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அந்தக் குளிர்ல ரெண்டு பக்க ஜன்னலையும் இறக்கிவிட்டு, சிகரெட் மேல சிகரெட்டா பத்தவச்சுக்கிட்டே ஓட்டினாரு. அதுல என் மூக்கே விறைச்சுப் போச்சு. இங்க வந்து சூட்டுல உக்காந்ததுக்கு அப்புறம்தான் தெரியுது. அதுவும் வரவர ஜாஸ்தியா ஆகுது. பொய் சொல்றேனா?

— அப்ப எழும்பித் தேடும். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பல்கணி. கட்டிலுக்குக் கீழை ரெண்டு சூட்கேஸ். இருக்கிறது அவ்வளவுதான். தலையணையையும் கிழிச்சுப் பாரும்.

— எதுக்குண்ணே இப்படிப் பேசுறீங்க.

— வேறை எப்பிடிக் கதைக்க? செவ்வாய்க்கிழமை எனக்கு இமிக்றேசன் விசாரணை. விசிட்டரா வந்த மனிசன், இனி ஊருக்குப் போக ஏலாது எண்டு எழுதிக் குடுத்திட்டு இருக்கிறன். கோர்டன் வந்து, இவர் என்னட்டை வேலை செய்யிறவர், நல்ல மனிசன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுவார் எண்டு நீர்தானே எனக்குச் சொன்னீர்? அந்த ஒரு வார்த்தைக்காண்டித்தானே குளிரெண்டும் பாராமல் ரெண்டு பஸ் மாறி மாறிப் போய் வந்தனான்?

— அதைத்தான் சொல்ல வந்தேன். பூ இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்தா செவ்வாய்க்கிழமை நான் வந்து நிக்கிறேன், வரலன்னா நானே இமிக்ரேஷனுக்கு போன் பண்ணிடுவேன்னு சொன்னாரு. கோவத்துல சொல்றாருன்னு நெனச்சேன். ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

— இஞ்சாருங்கோ, அப்பிடி ஒரு ரெலிபோன் போனால் எங்களை அடுத்த பிளேனிலை ஏத்திப் போடுவினமே?

— நீ மீனைப் பார் அன்னம்.

— எந்த மீனைப் பாக்க? தம்பி, உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஆவணியிலை நடந்த கலவரத்திலை, தெற்கை காலிப் பட்டினத்திலை இவரின்ரை தம்பியின்ரை சுருட்டுக் கடையைக் கொளுத்திப் போட்டாங்கள். தம்பிக்காரன் உடுத்த சாரத்தோடை ரயிலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவன். இனி ஆரிட்டைப் போய்ப் புகையிலை விக்கிறது? நாங்கள் அங்கை போய் இறங்கி என்ன செய்யிறது? நீங்கள் ஒரு பூவுக்காண்டி எங்களை அங்கை அனுப்பப் போறியளோ?

— அக்கா, அனுப்பக் கூடாதுன்னுதான் நான் முன்னாடியே ஓடி வந்தேன். எடுத்திருந்தா குடுத்துடுங்க. நான் கொண்டுபோய் வச்சுட்டு, தேடிக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிடறேன். உங்க பேரே வராது.

— எடுக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லையே.

— என்னண்ணே?

— பூவை நான்தான் முறிச்சனான்.

— நீங்களா?

— நான் இல்லாமல் வேறை ஆர்? பூ வந்தால் முறிக்கத்தானே வேணும். நீர் ஏன் தலையிலை கையை வைக்கிறீர்? இந்தப் பரபரப்பெல்லாம் எனக்கு விளங்கேல்லை. பூ எங்கை பூ எங்கை எண்டு எல்லாரும் துள்ளுறியள். தங்கத்தாலேயோ பூத்தது அது?

— ஏன் முறிச்சீங்க? யார் உங்களை முறிக்கச் சொன்னா?

— ஆர் சொல்ல வேணும்? இதென்ன கேள்வி. இரும், சொல்லுறன். நான் புகையிலை வைக்கிறவன். என்ரை அப்புவும் வைச்சவர். புகையிலைக் கண்டு, நீர் செடி எண்டு சொல்லுறது, நெஞ்சளவு வந்து பூ எடுக்கத் தொடங்கினால், அண்டைக்கே தலையை முறிக்க வேணும். முறிக்காமல் விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போயிடும், இலை கடதாசி மாதிரிப் போயிடும். முறிச்ச பிறகு இலைக்கக்கத்திலை தளிர் வரும். அதுக்குக் கெட்டெண்டு பேர். அதையும் விடப்படாது, ஒண்டைவிட்டொரு நாள் போய்க் கெட்டு உடைக்க வேணும். தோட்டக்காரன் சோம்பேறியோ இல்லையோ எண்டு கெட்டைப் பார்த்துத்தான் ஊரிலை சொல்லுவினம். நீர் யூனிவெசிற்றிக்குப் போன கிழமையே உம்மடை கண்டு எல்லாம் பூக்க வெளிக்கிட்டுது. எனக்கு நெஞ்சு பதைச்சுப் போச்சு. பிள்ளை நம்பி விட்டிட்டுப் போட்டுது, இலை மெலிஞ்சால் என்ன சொல்லும் எண்டு விடிய விடியப் போய் முறிச்சனான். தலையை முறிக்கப் பக்கத்திலை பூத்துது. அதையும் உடைச்சன். பேந்தும் பூத்துது. உந்தமாதிரி விசர் பிடிச்ச கண்டு ஒண்டை நான் சீவியத்திலை காணேல்லை. நான் உடைக்க அது பூக்க, நான் உடைக்க அது பூக்க, ரெண்டு பேருக்கும் ஒரு போட்டியாய்ப் போச்சு.

— யா அல்லா. முறிச்சதையெல்லாம் என்ன செஞ்சீங்க?

— வீணாக்குவனே? குழை தாட்டனான்.

— அப்படின்னா?

— நீர் செடிப் படிப்புத்தானே படிக்கிறீர்? எங்கடை ஊரிலை பூவரசங்குழை வெட்டி, தோட்டத்திலை சாலெடுத்து, அதுக்குள்ளை போட்டு மண்ணாலை மூடுவம். அதுதான் பசளை. உந்தப் பூவையும் அப்பிடித்தான், அந்தந்தக் கண்டின்ரை அடியிலேயே தாட்டு மிதிச்சுத் தண்ணி விட்டனான். நல்லா உக்கிக் கறுத்துப் போச்சு. மண் எண்டால் இப்ப பொன் மாதிரிக் கிடக்குது. வந்து கிண்டிப் பாரும்.

— மூணு வருஷம். மூணு வருஷத்தைத் தாட்டு மிதிச்சுத் தண்ணி ஊத்தியிருக்கீங்க.

— தம்பி, அவர் பொய் சொல்லேல்லை. புரட்டாதி முழுக்க இந்த மனிசன்ரை கை தார் பூசின மாதிரிக் கறுத்துப் பிசினாய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டும் போகேல்லை. சோத்தைக் குழைச்சு நான்தான் கையிலை வைச்சுக் குடுத்தனான், சின்னப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி.

— அந்தப் பிசினுக்குத்தான்கா அந்தச் செடியே. இலைக்கு இல்ல. இலையை யாரும் சீண்ட மாட்டாங்க. பூவுலதான் எல்லாம் இருக்குது.

— ஓமோ? சவுக்காரத்துக்கு வாசனை எண்ணெய் எடுக்கிற கண்டு எண்டல்லோ எனக்குச் சொன்னனீர்.

— சொன்னேன்.

— சவுக்கார எண்ணெய்க் கண்டை ஏன் சாக்காலை மறைச்சு வளர்க்கிறது? அக்கம்பக்கத்திலை ஆரும் கேட்டால் தக்காளி எண்டு சொல்லச் சொல்லி ஏன் கோர்டன் எனக்குப் பாடமாக்கினவர்? நானும் யோசிச்சனான் தம்பி. வாய் திறந்தால் வேலை போயிடும் எண்டு யோசிச்சதை விழுங்கினனான். இப்ப நீர் என்னைக் கள்ளன் எண்டு தேடி வந்திருக்கிறீர். அப்ப நானும் கேக்கலாம்தானே. என்ன கண்டு அது?

— அண்ணே.

— என்னை நிமிர்ந்து பாத்துச் சொல்லும்.

— கஞ்சாண்ணே.

— என்னவாம்? இஞ்சாருங்கோ, தம்பி என்ன சொன்னவர்?

— கஞ்சாவாம், அன்னம்.

— பிள்ளையாரே.

— சாமியார்மாரின்ரை சிலும்பியிலை காய்ஞ்சு தூளாய்க் கிடக்கத்தான் நான் கண்டிருக்கிறன். பச்சையாய், ஆளுயரத்துக்கு, தேசிக்காய் மணத்தோடை நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? பனி கரைஞ்ச நாளிலை இருந்து நான் கஞ்சாவுக்குத் தண்ணி விட்டிருக்கிறன். செவ்வாய்க்கிழமை துரைமார் கேப்பினம், என்ன வேலை செய்யிறாய் எண்டு. நான் என்ன சொல்ல? உமக்கு என்னிலை என்ன கோவம் தம்பி?

— கோவம் இல்லண்ணே. உங்களுக்குத் தெரியாம இருந்தா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன். மாட்டினாலும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணலாம் இல்லியா.

— அந்த விசயத்திலை உமக்கு நல்ல மனசுதான்.

— கோட்டு ஹீற்றரிலை கிடந்து பொசுங்கப் போகுது. இதை நான் கொண்டுபோய் அலுமாரிக்கை கொழுவுறன். மீன் கழிவும் மணக்குது, அதையும் ஒரே வழியிலை கொண்டுபோய்க் குழாயிலை போட்டிட்டு வாறன். நீங்கள் ரெண்டு பேரும் சத்தம் போடாமல் கதையுங்கோ. சுவர் மெல்லிசு.

— போட்டு வா.

— அக்கா கோச்சுக்கிட்டுப் போறாங்களா?

— அவ கோவிச்சால் சத்தம் வரும். சத்தம் இல்லாமல் போறா எண்டால் யோசிக்கிறா. அது கிடக்கட்டும். நீர் உந்தக் கஞ்சாவைக் குடிக்கிறனீரோ?

— நானா? இல்லண்ணே. அது ஹராம்.

— குடிக்கிறது ஹராம். வளர்க்கிறது?

— சிரிக்காதீங்கண்ணே. நான் அதை வேற மாதிரி பாத்தேன். எங்க மாமா இடுக்கி மலையில ஏலத் தோட்டத்துல வேலை பாக்குறவர். அங்கேருந்து வந்த விதை. இங்க போட்டா பனை மாதிரி வளருது, பூக்கவே பூக்காது. வெயில் ஊர்ச் செடி, கார்த்திகை வந்தாத்தான் பூப்பேன்னு நிக்கும். அதுக்குள்ள இங்க பனி கொட்டிரும். கோர்டன்கிட்ட வேற ஒரு விதை இருந்துச்சு. குளிர்ல பொறந்தது, குட்டை, சீக்கிரம் பூக்கும், ஆனா செத்த எலி மாதிரி நாத்தம், மூணு வீடு தள்ளி அடிக்கும். ரெண்டையும் சேத்தேன். மொதக் கோடையில எல்லாத்தையும் பனி கருக்கிருச்சு. அடுத்த கோடையில ஒரே ஒரு செடி ஆவணியிலேயே பூத்துச்சு. குனிஞ்சு மோந்து பாத்தேன். எலுமிச்சை. உம்மா வீட்டுல ரசத்துக்குப் பிழிஞ்சிட்டுத் தோலைப் போட்டு வச்சிருப்பாங்களே, அதே வாசம். அழுதுட்டேன் அண்ணே. இந்தக் குளிர்ல, நான் உண்டாக்கினது, என் ஊர் வாசத்துல நிக்குது.

— ம்.

— கோர்டன் அதைக் கேட்டுட்டுக் குதிச்சாரு. எலுமிச்சை வாசம்னா எவனுக்கும் சந்தேகம் வராதுன்னு. இப்ப பாருங்க, என் செடி எங்கே இருக்குன்னு எனக்கே தெரியல. ஊறுகாய் பாட்டிலை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— விதை மிச்சம் இல்லையோ?

— எல்லாத்தையும் இந்த வருஷம் விதைச்சாச்சு. இந்தப் பூவுலதான் அடுத்த விதை வந்திருக்கணும். நீங்க முறிச்சதோட அந்த வம்சமே முடிஞ்சுது.

— ஆர் சொன்னது? விதைக்கு விட்டனான்தானே.

— என்னது?

— எந்தத் தோட்டக்காரன் தம்பி எல்லாக் கண்டையும் முறிப்பான்? பேந்து அடுத்த வருசம் என்னத்தை வைக்கிறது? நல்ல வாளிப்பாய் நிண்ட நாலு கண்டைத் தெரிஞ்செடுத்து, முறிக்காமல் விட்டனான். அன்னத்தைக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அவளைத்தான் மணந்து பாக்கச் சொன்னனான். கூடுதலாய் மணக்கிற நாலைக் காட்டு எண்டு. கழுத்திலை சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கிறன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து மூலையிலை. பூத்து, விதையும் பிடிச்சு, கொத்துக் கொத்தாய்த் தலை சாஞ்சு நிக்குது. பனிக்குப் பயந்து சாக்கும் சுத்தி விட்டனான்.

— தண்ணித் தொட்டி மூலையிலயா?

— ஓம்.

— அண்ணே, அந்த மூலையை நான் காலையில பாத்தேன். அங்க செடி இல்ல. நாலு கட்டைதான் நிக்குது. கத்தியால ஒரே சீவா சீவினது. பச்சை வெட்டு, ஈரம் கூடக் காயல. சாக்கு மட்டும் மடிச்சு வச்சிருக்குது.

— நான் கத்தியாலை ஒண்டும் வெட்டேல்லை. நான் நகத்தாலை முறிக்கிறவன்.

— அப்ப யாரு?

— வெள்ளிக்கிழமை பின்னேரம் கோர்டன் எனக்குச் சொன்னவர், சனிக்கிழமை வரத் தேவையில்லை, வீட்டிலை இரு எண்டு. ஒரு நாளும் சொல்லாத சொல்லு. முதுகிலை தட்டியும் விட்டவர். அப்பவே எனக்கு ஒரு மாதிரியாய்க் கிடந்தது.

— சாவி அவர்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்குது.

— இன்னுமொண்டு சொல்லுறன், கேளும். அதுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, பொலிஸ் கார் ஒண்டு வந்து வாசல் படலையடியிலை நிண்டது. நான் பயந்துபோய்த் தொட்டிக்குப் பின்னாலை குந்திக்கொண்டு இருந்தனான். கோர்டன் ஓடவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. உள்ளை போய்க் கோப்பி கொண்டுவந்து குடுத்து, காரிலை சாஞ்சுகொண்டு கன நேரம் கதைச்சவர். போகேக்கை கையும் குடுத்தவர்.

— மான் வேட்டைக்காரங்க யாரோ தோட்டத்துக்குள்ள புகுந்துட்டாங்க, அதை விசாரிக்க வந்தாங்கன்னு என்கிட்ட சொன்னாரு.

— மானோ. நான் அங்கை ஒரு முயலைக்கூடக் கண்டதில்லை.

— போட்டிட்டு வந்திட்டன். லிப்ற் வாசலடியிலை ஒரே சனம். தேத்தண்ணி போடட்டே?

— வாங்கக்கா. அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? இப்ப அந்த வாசம் கொறஞ்சிருக்குது.

— மீன் கழிவு போயிட்டுதெல்லே.

— மீன் வாசம் இன்னும் இருக்குதே. எலுமிச்சைதான் இல்ல.

— தம்பி, மணத்தை விடும். நான் கேக்கிறதுக்குச் சரியா மறுமொழி சொல்லும். கோர்டன் உம்மை இஞ்சை அனுப்பேக்கை என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லும்.

— ‘நீ மொதல்ல போ. உன் ஆளு, உன் பாஷை. உக்காந்து பேசு. நான் நாலு மணிக்கு வர்றேன், அதுவரைக்கும் அந்த வீட்டை விட்டு வெளிய வராதே’ன்னாரு. எத்தனாவது மாடி, எந்தக் கதவுன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு.

— முறிச்ச பூ மண்ணுக்குள்ளை. மிஞ்சின நாலையும் வெட்டினது அவர். வெட்டினவருக்குப் பூ எங்கை எண்டு தெரியாதோ? தெரிஞ்சுகொண்டு ஏன் உம்மை இஞ்சை தேட விட்டவர்?

— என்ன சொல்ல வர்றீங்க?

— உந்தாள் உம்மைத் தேட அனுப்பேல்லைத் தம்பி. ரெண்டு பேரையும் ஒரு அறைக்குள்ளை ஒண்டா இருத்தி வைக்க அனுப்பியிருக்கிறார். பொலிசுக்கு ஆள் வேணும். அவர் ரெண்டு கறுத்த ஆக்களைக் காட்டி விடப்போறார். உம்மையும், உம்மை வைச்சு என்னையும்.

— இருக்காதுண்ணே. அவர் என்னைத் தன் மகன் மாதிரின்னு சொல்றவர். கோட்டைக் கழட்டிக் குடுத்தவர். அப்படியே நீங்க சொல்றது நெசம்னாலும், போலீஸ் வந்து இங்க எதை எடுக்கும்? இங்கதான் ஒண்ணும் இல்லியே. ஊறுகாயைத் தவிர.

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. வெறுங்கையோடை பிடிக்க மாட்டாங்கள். எதையோ கொண்டுவந்து வைச்சிட்டுத்தான் பிடிப்பாங்கள். நேரம் என்ன?

— நாலாகப் போகுது.

— அப்ப நீர் வெளிக்கிடும். படியாலை இறங்கும், லிப்றிலை போகாதையும். கேட்டால் நீர் இஞ்சை வரவேயில்லை.

— உங்களை விட்டுட்டா? செவ்வாய்க்கிழமை?

— செவ்வாய்க்கிழமையை நான் பாத்துக்கொள்ளுறன். என்னட்டை இருக்கிறது செத்த மூக்கும் உண்மையும்தான். புகையிலைக் கண்டு எண்டு நினைச்சு முறிச்சனான் எண்டு சொல்லுவன். நம்பினால் நம்பட்டும். நீர் படிக்கிற பிள்ளை, எழும்பும்.

— அண்ணே, நான் உங்களைச் சந்தேகப்பட்டது

— அதுக்கு இப்ப நேரமில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு போம்.

— அலமாரியில இல்லியேண்ணே. அக்கா, கோட்டு எங்கே மாட்டினீங்க?

— சத்தம் போடாதையும். கதவிலை ஆரோ தட்டுகினம்.

— கோர்டன்தானா?

— ஒரு ஆளின்ரை காலடி இல்லைத் தம்பி. கனபேர் நிக்கினம். வானொலிப் பெட்டி கரகரக்கிற மாதிரியும் கேக்குது. பொலிஸ்தான்.

— அக்கா, கோட்டு. அது இல்லாம நான் எப்படி வெளிய போவேன். கோட்டு எங்கேக்கா?

— தேடாதேங்கோ தம்பி, கோட்டு இல்லை. ஹீற்றரிலை இருந்து தூக்கேக்கைதான் எனக்கும் மணந்தது. விறாந்தை வெளிச்சத்திலை பாத்தன், உள்துணி புது நூலாலை தைச்சுக் கிடந்தது. பிரிச்சால் துணிப் பொட்டலமாய்ப் பூவும் விதையும், இவர் கட்டின சிவப்பு நூலும் அதோடை. மீன் கழிவோடை சேர்த்துக் குழாய்க்குள்ளை திணிச்சு விட்டிட்டன். இந்நேரம் கீழை அடுப்பிலை எரிஞ்சிருக்கும். உங்கடை மூண்டு வருசம்தான், என்னைக் குறை நினையாதேங்கோ. இஞ்சாருங்கோ, எழும்பிக் கதவைத் திறவுங்கோ. வந்து வடிவா மணந்து பாக்கட்டும். இனி இந்தக் கட்டிடம் முழுக்கத்தான் தேசிக்காய் மணக்கப் போகுது.